பாதியில் விட்ட வாத்தியத்தை மீண்டும் கையில் எடுப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு வயதில் வீணையோ வயலினோ மிருதங்கமோ நாலைந்து வருடம் கற்றுக்கொண்டு, "பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று உறை போட்டு மூடியவர்கள் நம்மில் ஏராளம். எனக்கு அந்த 'அப்புறம்' 25 வருடம் கழித்து வந்தது. 11 வயதில் வீணை தொடங்கினேன், 18 வயதில் நிறுத்தினேன், 43 வயதில் மறுபடி எடுத்தேன். ஆறு வருடமாக வாசித்து வருகிறேன். மேடை ஏறுகிற ஆள் இல்லை. வீட்டில் உட்கார்ந்து மனசார வாசிக்கிறவள். இதே வழியில் திரும்பி வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது வீணை என்பதால் உதாரணங்கள் அதிலிருந்து கூடுதலாக வரும்.

எனக்கு 45 வயது ஆகிறது. இனிமேல் கை வருமா?

வரும். புதிதாகத் தொடங்குகிறவரைவிட உங்களுக்குச் சீக்கிரம் வரும்.

ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறக்கவிட்டு, திரும்ப மனப்பாடம் செய்து கணக்கெடுத்தார். 1885-ல் அதை வெளியிட்டார். ஒன்றுகூட ஞாபகத்துக்கு வராத அளவு மறந்துபோன வரிசையையும் இரண்டாவது முறை கற்கக் குறைந்த நேரமே பிடித்தது என்பது அவர் கண்டதில் முக்கியமானது. மறந்தது போலத் தெரிந்தாலும் அடியில் ஏதோ மிச்சம் இருக்கிறது. வாத்தியத்தில் இதை நாம் கையாலேயே உணரலாம்.

1995-ல் வெளியான ஓர் ஆய்வில், தந்தி வாத்தியம் வாசிப்பவர்களின் மூளையில் இடது கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். சிறு வயதில் தொடங்கியவர்களுக்கு அந்த வித்தியாசம் இன்னும் கூடுதலாக இருந்தது. அவர்கள் விடாமல் வாசித்தவர்கள், உண்மைதான். ஆனால் சின்ன வயதில் ஊன்றியதற்கு ஒரு பலம் உண்டு என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நீங்களும் சின்ன வயதில் ஊன்றியவர்தான்.

வேகத்தைப் பற்றி மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் மூன்றாம் காலத்தில் பறந்த விரல் இன்றைக்கு அதே வேகத்தில் பறக்குமா என்றால், சிலருக்குப் பறக்கும், பலருக்கு ஒரு படி குறையும். எனக்குக் குறைந்தது. ஆனால் மெதுவான சவுக்க காலத்தில் நான் இன்று வாசிப்பதை அன்று ஒரு நாளும் வாசித்ததில்லை.

முதல் நாள் என்ன நடக்கும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வீணையை மடியில் வைத்து, மாயாமாளவகௌளை ராகத்தில், தொடக்கப் பாடமான சரளி வரிசையின் முதல் வரியை மீட்டினேன். ஸ்வரம் எல்லாம் தடுமாறியது. ஆனால் தாளம் விழ வேண்டிய இடத்தில் வலது கைச் சுண்டு விரல் தானாகப் போய்த் தாளத் தந்தியைத் தொட்டது. நான் சொல்லி அது போகவில்லை. 25 வருடமாக அந்த விரல் பாத்திரம் தேய்த்தது, பேனா பிடித்தது, கைப்பேசியைத் தாங்கியது. தன் பழைய வேலையை அது மறக்கவில்லை. நான் அப்படியே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று நடக்கும். வயலின்காரருக்கு வில் பிடிப்பு வரலாம், மிருதங்கக்காரருக்கு 'தகதிமி' வாயில் வரும்போதே கை விழலாம். யோசிக்காதவரை வந்துகொண்டே இருக்கும், "அடுத்து என்ன?" என்று நினைத்த கணத்தில் அறுந்துவிடும். அதனால் முதல் நாள் எந்த உருப்படியையும் (பாட்டையும்) முழுசாக வாசித்தே தீருவது என்று உட்காராதீர்கள். கை எதை வைத்திருக்கிறதோ அதை அது காட்டட்டும். கால் மணி நேரம் போதும். விரல் எரியத் தொடங்கும் முன் எழுந்துவிடுங்கள்.

பழைய வாத்தியத்தையே எடுக்கலாமா? புதிது வாங்க வேண்டுமா?

முதலில் பழையதைச் சரிபாருங்கள். இதை அவசரமாகத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் நொந்துபோகிறார்கள். வாத்தியத்தின் குறையைத் தன் குறையாக எடுத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். நானும் அந்த விளிம்பு வரை போனேன்.

வீணையின் 24 மெட்டுகளும் (விரல் வைத்து அழுத்தும் குறுக்குக் கம்பிகள்) மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வருடக்கணக்கில் கிடந்தால் மெழுகு காய்ந்து வெடிக்கும். வெயிலில் இளகி மெட்டு நகரும், சரியும். அப்போது நீங்கள் எவ்வளவு சரியாக விரல் வைத்தாலும் ஸ்வரம் பேசாது. சோதிக்க எளிய வழி உண்டு. ராகம் வாசிக்கும் முதல் தந்தியான சாரணியை ஷட்ஜத்துக்குச் சேர்த்துக்கொண்டு 7-வது மெட்டை அழுத்துங்கள். பஞ்சமம் வர வேண்டும். 12-வது மெட்டில் மேல் ஷட்ஜம் வர வேண்டும். இந்த இரண்டும் தம்பூராவோடு ஒட்டவில்லை என்றால் குறை உங்கள் விரலில் இல்லை.

ஆனால் ஒரு விஷயம்: இந்தச் சோதனையைப் பழைய தந்தியில் செய்யாதீர்கள். துருப்பிடித்த தந்தி மெட்டுக்கு மெட்டு ஒவ்வொரு விதமாகப் பொய் சொல்லும். முதலில் தந்தியை மாற்றுங்கள், இரண்டு நாள் இழுபட்டு அடங்க விடுங்கள், அப்புறம் மெட்டைப் பாருங்கள். அப்போதும் சேரவில்லை என்றால் மேளம் கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்து மெட்டுகளைப் புதிதாகப் பதிக்கச் சொல்ல வேண்டியதுதான். என் வீணையில் மேல் ஸ்தாயியில் ஐந்தாறு மெட்டு விலகிப் போயிருந்தது. அது தெரியாமல் ஒன்றரை மாதம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

வயலினில் பெட்டியைத் திறந்ததும் வில்லைப் பாருங்கள். பூட்டி வைத்த பெட்டிக்குள் பூச்சி புகுந்து வில்லின் குதிரை முடியை அரித்திருக்கும். நூல் நூலாக அறுந்து கிடக்கும். முடி மாற்ற வேண்டியிருக்கும். தந்திகளை மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். நாலையும் ஒரே சமயத்தில் தளர்த்தினால் பிரிட்ஜ் சாயும். உள்ளே பசை இல்லாமல் வெறும் அழுத்தத்தில் நிற்கும் சிறு மரக்குச்சியும் விழுந்துவிடலாம். அது விழுந்தால் நாதமே போய்விடும், சரிசெய்யக் கைதேர்ந்தவர் வேண்டும்.

புல்லாங்குழலில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் போதும், கீழ் ஸ்தாயி நிற்காது. மிருதங்கத்தில் வார் தளர்ந்திருக்கும், தோல் காய்ந்திருக்கும். மூட்டு (வாயை மூடும் தோல்) மாற்றாமல் வேலைக்கு ஆகாது. கிட்டாருக்குத் தந்தி மாற்றினாலே பெரும்பாலும் போதும், கழுத்து வளைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கீபோர்டு என்றால் தூசி தட்டி மின்சாரம் கொடுங்கள், எல்லாக் கட்டையும் பேசினால் சரி.

இவ்வளவும் செய்த பிறகும் தேறாது என்று ஆனால்தான் புதிது. அதுவும் உடனே வேண்டாம். இரவல் வாங்கி மூன்று மாதம் வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாத்தியம் சரியாக இருக்கிறது, கையும் கொஞ்சம் வருகிறது. ஆனால் கேட்கச் சகிக்கவில்லையே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். திரும்பி வருகிறவர்கள் மறுபடி விட்டுவிடுவதற்கு மறதியோ வயதோ நேரமின்மையோ அவ்வளவு பெரிய காரணம் இல்லை. இதுதான் காரணம்.

வாசிப்பு நின்றுபோன வருடங்களில் உங்கள் கைதான் நின்றது, காது நிற்கவில்லை. இத்தனை வருடமும் கச்சேரி கேட்டீர்கள், வானொலி கேட்டீர்கள், ஒரே ராகத்தைப் பத்துப் பேர் பாடக் கேட்டீர்கள். காது வளர்ந்து வெகுதூரம் போய்விட்டது. கை மட்டும் விட்ட இடத்திலேயே நிற்கிறது. இன்றைக்கு நீங்கள் வாசிப்பதைக் கேட்பது பன்னிரண்டு வயதுக் காது இல்லை, நாற்பத்தைந்து வயதுக் காது. அந்தக் காதுக்கு அந்தக் கை போதவில்லை.

இன்னொன்றும் உண்டு. சிறு வயதில் நாம் வாசித்தது நன்றாக இருந்தது என்பது நம் ஞாபகம்தான். வீட்டில் பழைய ஒலிநாடா ஒன்று கிடைத்தது. 16 வயதில் நான் வாசித்த மோகன ராக வர்ணம் அதில் இருந்தது. வேகம் இருந்தது, தைரியம் இருந்தது. காந்தாரம் கொஞ்சம் ஏறியே இருந்தது, தந்தியை மெட்டின் மேல் அழுத்துகிறேன் என்று இழுத்துவிட்டிருக்கிறேன், முதலிலிருந்து கடைசி வரை. அன்றைக்கு எனக்கு அது கேட்கவே இல்லை. இன்றைக்கு அதே தப்பைச் செய்தால் அரை நொடியில் கேட்கிறது. கேட்பதால்தான் திருத்த முடிகிறது.

அதனால் அபஸ்வரம் காதில் உறுத்துகிறது என்றால் சந்தோஷப்படுங்கள். காது தன் வேலையைச் செய்கிறது. கை அதைப் பிடிக்கப் பல மாதம் ஆகும். எனக்கு ஒரு வருடத்துக்குப் பக்கத்தில் ஆனது. அந்தக் காலத்தைத் தாண்டுவதற்கு நான் கண்ட ஒரே வழி, கை எட்டக்கூடிய அளவுக்கு வாசிப்பதைச் சிறிதாக்குவது. ஒரு கிருதியை வாசித்து ஐம்பது இடத்தில் நோவதைவிட, ஒரு பல்லவியின் முதல் வரியை எடுத்துக்கொண்டு அது உங்கள் காதுக்குப் பிடிக்கும்வரை அதிலேயே இருங்கள். ஒரு வரி நன்றாக வந்துவிட்டால் மனசு அடங்கிவிடும்.

மறுபடி சரளி வரிசையிலிருந்தா தொடங்க வேண்டும்?

ஆமாம். ஆனால் குழந்தை வாசிப்பது போல் இல்லை.

குழந்தைக்கு 14 சரளி வரிசையும் ஏறி முடிக்க வேண்டிய படிக்கட்டு. சீக்கிரம் முடித்து ஜண்டை, சீக்கிரம் முடித்து அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம். எப்போது பாட்டு வரும் என்றே மனசு ஓடும். நீங்கள் எங்கேயும் போய்ச் சேர அவசரப்பட வேண்டாம். அதனால் அதே வரிசையை நாதத்துக்காக வாசிக்கலாம்.

நான் செய்வது இப்படி: தம்பூராவை ஓடவிட்டு முதல் வரிசையை ஒரே காலத்தில், ரொம்ப மெதுவாக எடுக்கிறேன். ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று அது தம்பூராவோடு கலக்கிறதா என்று கேட்கிறேன். மாயாமாளவகௌளையின் காந்தாரம் சரியாக விழுந்தால் தம்பூராவுக்குள்ளேயே போய் மறைந்துவிடுவது போல இருக்கும். ரிஷபம் ஷட்ஜத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு உரசும். சிறு வயதில் இந்த உரசலும் கலப்பும் எனக்குத் தெரியவே தெரியாது. மெட்டைப் பார்த்து விரல் வைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் இப்படிப் போனபின் இரண்டாம் காலம். ஜண்டை வரிசை விரலுக்கு வலு தரும், அதை விடாதீர்கள். ஏழு தாள அலங்காரங்களில் வாரத்துக்கு ஒன்று. மூன்று மாதத்தில் ஒரு வர்ணத்துக்கு வந்துவிடலாம். கூடவே தினமும் கடைசி ஐந்து நிமிடம் ஆசைப்பட்ட பாட்டு எதையாவது, தப்பும் தவறுமாக, வாசித்துக்கொள்ளுங்கள். அதை மறுக்காதீர்கள். அதற்காகத்தானே திரும்பி வந்தீர்கள்?

தினமும் எவ்வளவு நேரம் சாதகம் செய்ய வேண்டும்?

20 நிமிடம். தினமும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கைக்கு ஏறுவதில் ஒரு பகுதி நீங்கள் தூங்கும்போதுதான் உறைகிறது. நேற்று இரவு வராத பிடி இன்று காலை வருவதை நீங்களே பார்ப்பீர்கள். ஏழு நாள் வாசித்தால் நடுவில் ஏழு தூக்கம் கிடைக்கிறது. ஒரே நாள் வாசித்தால் ஒரு தூக்கம்தான்.

அந்த 20 நிமிடத்திலும் தப்பு வருகிற இடத்தை மட்டும் எடுங்கள். முதலிலிருந்து தொடங்கித் தடுக்கி விழுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அப்படிச் செய்தால் தெரிந்த இடம் நூறு தடவை வாசிக்கப்படும், தெரியாத இடம் பத்துத் தடவை. தடுக்கும் இடத்துக்கு இரண்டு ஸ்வரம் முன்னால் தொடங்கி, தாண்டி இரண்டு ஸ்வரத்தில் நிறுத்துங்கள். ஐந்து தடவை சரியாக வந்ததும் வேறொன்றுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பாருங்கள். அப்போதும் வந்தால்தான் அது உங்களுடையது.

வாத்தியத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். பரண்மேல், பெட்டிக்குள், கட்டிலுக்கு அடியில் என்றால் எடுப்பதற்குள் மனசு மாறிவிடும். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு துணி மட்டும் போர்த்தி வையுங்கள். என் வீணை கூடத்தில் மூலையில் இருக்கிறது. அடுப்பில் ஏதாவது கொதிக்கும் நேரத்தில்கூட ஒரு வரிசை ஓடிவிடும்.

விரல் வலிக்கிறது. பொறுத்துக்கொண்டு வாசிக்கலாமா?

எந்த வலி என்பதைப் பொறுத்தது.

விரல் நுனியில் எரிச்சல், தந்தி பதிந்த கோடு: இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. முதல் இரண்டு வாரத்தில் என் இடது ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் குறுக்கே இரண்டு சிவந்த பள்ளம் விழுந்தது. மூன்றாவது வாரத்தில் தோல் தடித்து, அப்புறம் சின்னதாகக் காய்ப்பு காய்த்தது. தண்ணீரில் ஊறிய விரலோடு உடனே வாசிக்க உட்காராதீர்கள், தோல் உரியும். வீணைக்காரர்கள் விரலில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக்கொள்வது சும்மா இல்லை. தந்தியில் விரல் வழுக்கிப் போக அது உதவும்.

மணிக்கட்டில், முன்கையில், தோளில், கழுத்தில் வலி: இதைப் பொறுக்கவே கூடாது. அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அழுத்திப் பிடிப்பதாலும் தோளைத் தூக்கிக்கொண்டே வாசிப்பதாலும் வருவது அது. வளர்ந்தபின் நமக்கு மனஉறுதி அதிகம், அதுவே இங்கே ஆபத்து; குழந்தை வலித்தால் ஓடிவிடும், நாம் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வோம். விரல் மரத்துப்போனாலோ, தானாக மடங்கிக்கொண்டாலோ மருத்துவரிடம் போங்கள். லியான் ஃபிளெய்ஷர் என்ற பியானோ மேதைக்கு 1960-களில், முப்பதுகளின் நடுவயதில், வலது கையில் இரண்டு விரல் இப்படி உள்ளே சுருண்டுவிட்டன. பல பத்தாண்டுகள் இடது கையால் மட்டும் வாசித்தார். சிகிச்சைக்குப் பின் 2004-ல்தான் இரு கையாலும் வாசித்த இசைத்தட்டு வந்தது.

தரையில் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. நாற்காலியில் வாசிக்கலாமா?

தாராளமாக. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தாங்கி இருக்கிறது. வயலினில் கொஞ்சம் கவனம் வேண்டும். தரையில் உட்காரும்போது வயலினின் தலை கணுக்காலில் ஊன்றியிருப்பதால் இடது கை விடுதலையாக ஓடும். நாற்காலியில் அந்த ஊன்றல் போய்விடும், தோள் தாங்கி வைத்துப் பழக வேண்டும். முழங்காலைக் கெடுத்துக்கொண்டு தரையில்தான் உட்காருவேன் என்று நிற்காதீர்கள்.

நோட்டுப் புத்தகம் கண்ணுக்குத் தெரியவில்லை. என்ன செய்ய?

பலர் இதை வாசிப்பின் தடுமாற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பதைப் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வரும். அது சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்குச் செய்தது. நோட்டு உங்களிடமிருந்து 70, 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அந்தத் தூரத்தை அளந்துகொண்டு போய்க் கண் மருத்துவரிடம் சொன்னால் அதற்கென்று ஒரு கண்ணாடி எழுதித் தருவார். ஸ்வரத்தின் மேலே புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, கீழே இருந்தால் கீழ் ஸ்தாயி. அந்தப் புள்ளி தெரியாமல் போனால் பாட்டே மாறிவிடும். அதுவரை பெரிய எழுத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கையால் எழுதினால் பாதி மனப்பாடமும் ஆகிவிடும்.

ஆசிரியர் வேண்டுமா? இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே?

வேண்டும். மாதம் இரண்டு வகுப்பாக இருந்தாலும் சரி.

காணொலி உங்களைப் பார்ப்பதில்லை. உங்கள் கட்டைவிரல் தண்டியை (வீணையின் நீண்ட கழுத்தை) எங்கே இறுக்குகிறது என்று ஒருவர் எதிரில் உட்கார்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். இணைய வகுப்பும் நல்லதுதான், ஆனால் ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஆசிரியர் வாசிப்பார், நிறுத்துவார், நீங்கள் வாசிப்பீர்கள். தாளம் கெட்டிப்பட, முடிந்தபோது நேரில் போய் உட்காருங்கள்.

முதல் நாளே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: எத்தனை வருடம் கற்றீர்கள், எத்தனை வருடம் விட்டீர்கள், இப்போது எதற்காக வருகிறீர்கள். "எங்கே விட்டீர்களோ அங்கிருந்தே போகலாம்" என்று உடனே வர்ணத்தைத் தொடங்குகிற ஆசிரியரும் உண்டு, "எல்லாம் தப்பு, முதலிலிருந்து" என்று ஒரே போடாகப் போடுகிறவரும் உண்டு. நான் முதலில் போன ஆசிரியர் இரண்டாவது வகை. எனக்குப் பொருந்தவில்லை. வாசிக்கச் சொல்லிப் பத்து நிமிடம் பேசாமல் கேட்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆசிரியர் உங்களைவிடச் சின்னவராக இருக்கலாம். என் இப்போதைய ஆசிரியைக்கு 29 வயது. நான் அவரை 'டீச்சர்' என்றும் 'நீங்க' என்றும்தான் கூப்பிடுகிறேன். அவர் என்னை 'அக்கா' என்கிறார், ஆனால் தாளம் பிசகினால் "அக்கா, திரும்ப" என்று தயங்காமல் சொல்கிறார். கற்கும் நேரத்தில் வயது குறுக்கே வரக்கூடாது என்றால் முதலில் நாம்தான் அதை ஓரமாக வைக்க வேண்டும்.

சிறு வயதில் சொல்லிக்கொடுத்தவரிடமே திரும்பப் போகலாமா?

இருக்கிறார் என்றால் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். வகுப்புக்காக இல்லாவிட்டாலும் போங்கள். "விட்டுவிட்டாயே" என்பாரோ என்ற பயத்தில் நான் தள்ளிப்போட்டேன். போனபோது என் ஆசிரியை அம்மாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. குரலைக் கேட்டு அடையாளம் தெரிந்துகொண்டு, என் இடது கையைப் பிடித்து விரல் நுனியைத் தடவிப் பார்த்தார். காய்ப்பு தட்டுப்பட்டதும் "ம்" என்று மட்டும் சொன்னார்.

மனசில் ராகம் ஓடுகிறது, கையில் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) வரவில்லை. என்ன குறை?

பாடிப் பார்த்தீர்களா? குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அந்த வரியை வாயால் பாடுங்கள். வாயில் வராதது கையில் வராது. வீணையில் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இரண்டு, மூன்று ஸ்வரம் மேலே போகிறோம். எவ்வளவு இழுப்பது என்று கண்ணுக்குத் தெரியாது. மனசுக்குள் அந்த ஸ்வரம் முதலில் ஒலித்தால்தான் விரல் போய் அங்கே நிற்கும்.

பாட்டின் வார்த்தையையும் கற்றுக்கொள்ளுங்கள். வீணையில் மீட்டு விழுவதே சாகித்யத்தின் எழுத்தை ஒட்டித்தான். சிறுமியாக நான் வார்த்தை தெரியாமல் ஸ்வரத்தை மட்டும் வாசித்தேன். எங்கே பார்த்தாலும் மீட்டினேன். பொருள் தெரிந்து வாசிக்கத் தொடங்கியபின் மீட்டுகள் பாதியாகக் குறைந்தன, பாட்டு மூச்சு விட்டது. வளர்ந்தவர்களுக்கு வாய்க்கும் பெரிய வசதி இது. குழந்தைக்கு ஒரு விரகமோ பக்தியோ சொன்னால் புரியாது. நமக்குப் புரியும்.

தம்பூரா செயலி, மெட்ரோனோம் எல்லாம் பயன்படுத்தலாமா?

தம்பூரா இல்லாமல் ஒரு நாளும் வாசிக்காதீர்கள். செயலி போதும், நல்ல ஒலிபெருக்கியில் இணைத்துக்கொள்ளுங்கள். சுருதியின் கட்டைக் கணக்கு மறந்திருந்தால்: 1 கட்டை என்பது கீபோர்டில் சி, 2 கட்டை டி, 3 கட்டை ஈ, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி. கறுப்புக் கட்டைகள் நடுவில் அரை அரையாக வரும்.

மெட்ரோனோம் 1815-லிருந்து இருக்கிறது, மால்ஸெல் காப்புரிமை வாங்கிய காலம் தொட்டு. நான் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வைக்கிறேன், எங்கே ஓடுகிறேன் என்று கண்டுபிடிக்க. மற்ற நாள் காலால் தாளம். உள்ளே தாளம் ஊற வேண்டும் என்றால் வெளியிலிருந்து யாரும் எப்போதும் தட்டிக்கொண்டே இருக்கக்கூடாது.

வேறு வாத்தியத்துக்கு மாறிவிடலாமா?

உண்மையாகவே வேறொன்றின் மேல் ஆசை என்றால் மாறுங்கள், ஸ்வர ஞானமும் தாளமும் கூடவே வரும். பழையது கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக மாறாதீர்கள். புதியதிலும் ஆறாவது மாதத்தில் அதே காது, அதே கை.

வீட்டில் எல்லோர் காதிலும் விழுகிறது. கூச்சமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன். ஒரே வரியை நாற்பது தடவை கேட்பது வீட்டில் இருப்பவர்களுக்குக் கஷ்டம்தான், அதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்: "காலை ஆறரையிலிருந்து ஏழு வரை என் நேரம்." நேரம் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. கீபோர்டுக்குக் காதொலிப்பான், வயலினுக்குப் பிரிட்ஜில் மாட்டும் மியூட் இருக்கின்றன. ஆனால் மியூட்டோடேயே வாசித்துப் பழகாதீர்கள், சொந்த நாதம் காதுக்கு அந்நியமாகிவிடும்.

தேர்வு எழுதலாமா? மேடை ஏறலாமா?

தேதி ஒன்று முன்னால் இருந்தால்தான் வாசிப்பேன் என்கிற சுபாவம் சிலருக்கு உண்டு, அவர்கள் தேர்வு எழுதட்டும். மேடைக்கு முன்னால், வீட்டில் நாலு பேர் முன் ஒரே ஒரு உருப்படியை வாசியுங்கள். தனியாக வாசித்தபோது வந்தது அங்கே வராது. அதுவும் பழகவேண்டிய ஒன்று.

மறுபடியும் நின்றுபோனால்?

நின்றுபோகும். எனக்கு இந்த ஆறு வருடத்தில் இரண்டு தடவை நின்றது. அப்பா படுக்கையில் இருந்தபோது நாலு மாதம், வீடு மாறியபோது இரண்டு மாதம். முதல் தடவை "அவ்வளவுதான், எனக்குக் கொடுத்துவைக்கவில்லை" என்று நினைத்தேன். திரும்ப உட்கார்ந்தபோது ஒன்பது நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன், நோட்டில் தேதி குறித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது தடவை பயமே வரவில்லை.

நிற்கும்போது செய்ய வேண்டியது: வயலின் வில்லைத் தளர்த்திவிடுங்கள். வீணைத் தந்தியை ஒரு ஸ்வரம் இறக்கி, துடைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். நோட்டில் கடைசியாக எந்த வரியில் இருந்தீர்கள் என்று ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். தம்பூராவை மட்டும் எப்போதாவது ஓடவிட்டு, வேலை செய்துகொண்டே அந்த வரியை முணுமுணுங்கள். திரும்ப உட்காரும் நாளில் புதுத் தந்தி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.